பந்தி விசாரிக்கும் கண்ணுச்சாமி

நான் சொல்லப் போவது சத்தியமாக நடந்த கதை. நம் விளாங்குடியில், இந்த டீக்கடைக்கு நாலாவது தெருவில் நடந்தது. ஒரு வார்த்தை கூட என் கையிலிருந்து போட்டதில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்த மருது குடித்த டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தான்.

“சோணண்ணே, வைகையில திமிங்கலம் பாத்தேன்னு சொன்னியே, அதுவும் சத்தியந்தானே?”

“சரிடா, கொஞ்சம் போடுவேன்,” என்று ஒத்துக்கொண்டேன். “சோத்துக்கு உப்புப் போடுற மாதிரி. உப்பில்லாம நீ திம்பியா?”

“உப்புக்குத் தொட்டுக்கச் சோறு வைக்கிற ஆளுண்ணே நீ,” என்றான் சங்கிலி.

மருதுவும் சங்கிலியும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள். மருதுவின் தங்கையைச் சங்கிலி கட்டியிருக்கிறான். ஒருவன் ஒன்று சொன்னால் மற்றவன் மறுத்தாக வேண்டும், மச்சான் மாப்பிள்ளைக்குள் அது சட்டம். நான் லோடு ஆட்டோக்காரன். சிம்மக்கல்லில் காய்கறி ஏற்றி விளாங்குடியில் இறக்குகிறேன். காய்கறியோடு நாலு கதையும் இறக்குவேன், அதற்கு வாடகை கிடையாது.

இந்தக் கதை கண்ணுச்சாமியைப் பற்றியது.

கண்ணுச்சாமிக்குச் சொந்த ஊர் வண்டியூர் தாண்டிக் கிழக்கே, வயக்காட்டுப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். இவர் மதுரைக்குள் வந்து கையாளாகக் கலவை சுமந்தார். அப்புறம் கொத்தனார் ஆனார். மகன் ராஜபாண்டியை என்ஜினியருக்குப் படிக்க வைத்தார். இதெல்லாம் பிழைப்புக்குச் செய்தது. அவர் பேர் வாங்கியது வேறொன்றில். பந்தி விசாரிப்பதில்.

கல்யாணமோ காதுகுத்தோ, சமைக்கிறவன் சமைத்துவிடுவான், பரிமாறுகிறவன் பரிமாறிவிடுவான். ஆனால் வந்த சனத்தை இடம் பார்த்து உட்கார வைத்து, இலைக்கு இலை குனிந்து, “என்ன வேணும், கூச்சப்படாமக் கேளுங்க” என்று விசாரிக்க ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் கிடா வெட்டிக் கறி போட்டாலும் எடுபடாது. “சோத்தப் போட்டான், ஒரு வார்த்த கேட்டானா?” என்று ஊர் முப்பது வருசம் பேசும்.

கண்ணுச்சாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பந்தியில் இறங்கினால் சுருண்டு கிடக்கும் இலை பயந்து தானாக விரியும். ஒருவர் தலை சாய்கிற சாய்வைப் பார்த்தே இவருக்கு ரசம், அவருக்கு மோர் என்று குரல் கொடுப்பார். நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் எண்ணூறு பேரை உட்கார வைப்பார். ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் மேல் இடிக்காது.

“எண்ணூறா?” என்றான் மருது.

“சரி, நூத்தி இருவது. முழங்கை கொஞ்சம் இடிக்கும்.”

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் அடித்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். யாருக்கு முதலில் மாலை போடுவது என்று தகராறு. கண்ணுச்சாமி தடுக்கவில்லை. “அடிச்சுக்கங்கப்பா, யாரு வேணாம்னா? வெறும் வயித்துல அடிச்சா அடி விழுகாது. சாப்ட்டு வந்து அடிங்க” என்று ரெண்டு வீட்டாரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். ஆளுக்கு ரெண்டு கரண்டி கறி கூடுதலாக விழுந்தது. சாப்பிட்டு முடித்தபோது ஒருத்தனாலும் எழ முடியவில்லை. அடிக்க வந்தவன் எதிராளியின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தான்.

அவருக்கு என்று ஒரே ஒரு சட்டம் உண்டு. வந்த சனமெல்லாம் சாப்பிட்டு முடியும் வரை அவர் பந்தியில் உட்கார மாட்டார். கடைசிப் பந்தி என்பது வீட்டாள்கள் பந்தி. கல்யாண வீட்டுக்காரர், பந்தல் போட்டவன், பாத்திரம் கழுவியவள் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். அவர்களோடுதான் இவர் இலை.

வயதான பிறகு மறதி வந்தது. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. டாக்டர் டிமென்ஷியா என்று சொன்னார். வந்த வழி மறக்கிறது, பொழுது மறக்கிறது, பெற்ற பிள்ளை முகம் மறக்கிறது. செத்துப்போன சம்சாரத்தை அடுப்படியில் தேடுகிறார். பந்தி மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் திண்டுக்கல் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார். அங்கே அவருக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது. துண்டைத் தோளில் போட்டார், விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்தார்கள். பந்திமேல் பந்தி முடிந்தது. போட்டோக்காரன் அவரை மேடையில் ஏற்றி, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நிறுத்திப் படமும் எடுத்துவிட்டான். ஊரெல்லாம் தேடி ராஜபாண்டி வந்து சேர்ந்தபோது, அவர் மண்டப வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் கையிலும் ஒன்றைக் கொடுத்து, “சாப்ட்டீங்களா தம்பி?” என்று கேட்டார்.

ராஜபாண்டிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவரைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்துப் பார்த்தான். புருசன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீடு. கதவைப் பூட்டிவிட்டுப் போனால் பெரியவர் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். வந்த சனம் வெளியே நிற்கிறதாம், கதவைத் திறக்க வேண்டுமாம். கடைசியில் மதுரைக்கே கொண்டுவந்து ஷாஹீதா வீட்டில் சேர்த்தான்.

ஷாஹீதா நர்ஸாக இருந்தவள். மறதி வந்தவர்களை வைத்துப் பார்ப்பதற்கென்று விளாங்குடியில் ஒரு பழைய மாடி வீட்டை எடுத்து நடத்துகிறாள். தெருவில் அதற்கு மறதி வீடு என்று பேர். ஆஸ்பத்திரி போல வரிசைக் கட்டில் கிடையாது, மருந்து வாடை கிடையாது, வெள்ளைக் கோட்டு கிடையாது. அவரவர் வீட்டிலிருந்து வந்த தலையணை, அவரவர் டம்ளர், அவரவர் சாமி படம். வெங்காயம் உரிக்கத் தோன்றியவர் உரிக்கலாம். துணி மடிக்கத் தோன்றியவர் மடிக்கலாம், மடித்ததைக் கலைத்து மறுபடியும் மடிக்கலாம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. சமையலுக்கு முத்துமீனா. அவள் கடுகு தாளித்தால் கூடல் நகர் ஸ்டேசனில் ரயில் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போகும்.

“அங்க எல்லா ரயிலும் நிக்காதுண்ணே,” என்றான் சங்கிலி.

“அதத்தாண்டா சொல்றேன். நிக்காத ரயிலும் நிக்கும்.”

கண்ணுச்சாமி வந்த அன்றைக்கே சிக்கல் வந்தது. மத்தியானம் ஹாலில் நீள மேசையில் எல்லாருக்கும் சோறு போட்டார்கள். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்ந்த பீமாராவ் எப்போதும் முதல் ஆளாக உட்காருவார். அவருக்குப் பக்கத்தில் சுல்தான் பீவி, சிம்மக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருந்த வீட்டு அம்மா. இன்னும் நாலைந்து பேர். கண்ணுச்சாமி மட்டும் உட்காரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“உக்காருங்கய்யா, சாப்பிடலாம்,” என்றாள் ஷாஹீதா.

“சனம் மொதல்ல சாப்பிடட்டும் தாயி. நான் எங்க போகப்போறேன்?”

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவரிடம் தட்டைக் கொண்டுபோனார்கள்.

“நீங்கள்லாம் சாப்ட்டீகளா?” என்று கேட்டார்.

“சாப்ட்டோம்யா,” என்றாள் முத்துமீனா.

“எங்க சாப்ட்டீக? நான் பாக்கலையே. பசிச்ச மூஞ்சி எனக்குத் தெரியாதா? வீட்டாளுக பட்டினி கெடக்க, நான் திங்கவா?”

மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே. ஷாஹீதா கெஞ்சினாள், முத்துமீனா மிரட்டினாள். கஞ்சி வைத்தார்கள், ஜூஸ் போட்டார்கள், கரண்டியை வாய்வரை கொண்டுபோனார்கள். அவர் கோபப்படவே இல்லை. கையைக் கூப்பி, “நீங்க சாப்பிடுங்க, நான் கடைசியில” என்றார். நின்றுகொண்டே குடிக்கிற காபி, நடந்துகொண்டே தின்கிற வாழைப்பழம், இவ்வளவுதான் அவர் ஆகாரம். ஆள் இளைத்துப்போனார். ஃபேன் போட்டால் அவரைத் தூணோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

“அண்ணே!” என்றான் மருது.

“சரி, கட்டல. ஆனா கட்டலாமான்னு யோசிச்சாக.”

ராஜபாண்டி வந்து பார்த்துக் கலங்கிப்போனான். அப்பாவை ஒரு டாக்டரிடம் காட்டினான். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டியும் வரலாமாம். பெரியவரை மறுபடி மறதி வீட்டில் விட்டுவிட்டு, வாசலில் நின்று ஷாஹீதாவிடம் சொன்னான்.

“ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்குள்ள எங்கப்பா சாப்பிடலைன்னா கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்துருவேன். வேற வழி தெரியல.”

“சாப்பிட வச்சிருவேன் சார்.”

“எப்புடி?”

“அது இன்னும் தெரியல. ஆனா வச்சிருவேன்.”

ஷாஹீதா அப்படித்தான். வழி தெரியாவிட்டாலும் போய்ச் சேருவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வராது. எனக்கு அந்தத் தைரியம் இருந்தால் லோடு ஆட்டோவில் கொடைக்கானல் ஏறியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை அடுப்படிச் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து தரையைப் பெயர்த்தான். அடுப்படியில் ஓடிய தண்ணீர் வைகையில் ஓடியிருந்தால் ஆற்றில் இறங்க அழகருக்கே படகு வேண்டும். முத்துமீனா குழம்புச் சட்டியையும் சோற்றுப் பானையையும் ஹாலுக்குத் தூக்கி வந்துவிட்டாள். பெரியவர்கள் மேசையில் சாப்பிட்டு எழுந்தார்கள். அடுத்து வேலைக்காரர்கள் சாப்பிட வேண்டும். எங்கே உட்காருவது?

“இங்கயேதான்,” என்று ஷாஹீதா ஹால் தரையில் உட்கார்ந்தாள்.

“பெரியவுக முன்னாடியாக்கா?” முத்துமீனா தயங்கினாள்.

“பின்ன எங்க உக்காருவ? பிளம்பர் தலை மேலயா?”

இரண்டு பேரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவரோரம் நின்ற கண்ணுச்சாமி அவர்களை உற்றுப் பார்த்தார். கிட்டே வந்தார்.

“சனமெல்லாம் சாப்ட்டாச்சா?”

“ஆச்சுய்யா.”

“வெளிய யாரும் நிக்கலையே?”

“பிளம்பர் மட்டும் நிக்கிறாருய்யா.”

“அவரையும் வரச்சொல்லு தாயி. வேல செய்ற ஆள விட்டுட்டா திம்பாக?”

பிளம்பர் கை கழுவி வந்து கூச்சத்தோடு உட்கார்ந்தான். கண்ணுச்சாமி தோள் துண்டை எடுத்து உதறி மடியில் போட்டுக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் வையி தாயி. நம்ம பந்திதானே?”

முத்துமீனா கணக்கில் அவர் சாப்பிட்டது மூன்று கரண்டிச் சோறு. பிளம்பர் கணக்கில் ஐந்து. என் கணக்கில் ஒரு அண்டா, அதுவும் வழித்த அண்டா. கணக்கு எப்படிப் போனாலும் ஏப்பம் ஒன்றுதான். அது தெருவரை கேட்டது என்று எதிர்வீட்டுக்காரர்களே சொன்னார்கள்.

ஷாஹீதா பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் ஒழுக்கமான பிள்ளைகள். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது மரியாதை இல்லை என்று இத்தனை நாளும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர் கண்ணுக்கு அந்த வீட்டில் கடைசிப் பந்தி நடக்கவே இல்லை. அவர் அதற்காகத்தான் காத்து நின்றார். இவர்கள் அவருக்குக் கொடுத்த மரியாதையும், அவர் இவர்களுக்குக் கொடுத்த மரியாதையும் முட்டிக்கொண்டு, நடுவில் ஒரு மனுசர் பட்டினி கிடந்திருக்கிறார்.

“இனிமே அடுப்படியில யாரும் சாப்பிடக் கூடாது,” என்றாள் ஷாஹீதா. “எல்லாரும் இங்கதான், இவரு கண்ணு முன்னாடி, கடைசிப் பந்தி.”

சனிக்கிழமை அதன்படியே நடந்தது. ஆனால் கண்ணுச்சாமிக்கு இப்போது சாப்பாடு இறங்கியதால் தெம்பு வந்துவிட்டது, தெம்பு வந்ததால் தொழில் சூடு பிடித்துவிட்டது. சும்மா நிற்பாரா? பாயசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சர்க்கரை நோய்க்காரரான பீமாராவ் தட்டில் மூன்று கரண்டி ஊற்றிவிட்டார்.

“போதும்யா, போதும்யா!” என்று பீமாராவ் கையை நீட்டி மறித்தார். மறித்த கையிலும் ஒரு கரண்டி விழுந்தது.

முத்துமீனா ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள். அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு சின்ன வாளி, ஒரு அகப்பை. வாளியில் மோர் மட்டும்தான் இருக்கும், அதுவும் நீர்மோர். எவ்வளவு ஊற்றினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

“என்னண்ணே இது, மோருக்குள்ள மாடு குளிச்சிருக்கா?” என்று சுல்தான் பீவி கேட்டார். “கல்யாண வீட்டுக்காரன் கருமியா இருக்கானே!”

“மெதுவாப் பேசுங்கம்மா, பொண்ணு வீட்டுக்காரவுக காதுல விழுந்துறப் போகுது,” என்று குனிந்து சொன்னார் கண்ணுச்சாமி. “ஒங்களுக்கு மட்டும் அடியில இருந்து கட்டியா ஊத்துறேன்.”

அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி, அதே நீர்மோரை ஊற்றினார். சுல்தான் பீவி குடித்துப் பார்த்து, “ஆங், இதுதான் மோரு” என்றார்.

எல்லா நேரமும் இப்படிச் சிரிப்பாக ஓடவில்லை. அன்று சாயங்காலமே, பந்தி முடிந்ததை மறந்து அவர் மறுபந்தி கூப்பிட்டார். யாரும் வரவில்லை என்றதும் முகம் வாடி வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தார். ஷாஹீதா போய் உட்கார்ந்து அரை டம்ளர் மோர் வாங்கிக் குடித்தாள். அப்புறம்தான் நடை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தட்டை விட இலை போட்டால் பெரியவருக்குப் பிடிக்கும் என்று ஷாஹீதா சொல்லியிருந்ததால் நான் ஒரு கட்டு வாழையிலை இறக்கப் போயிருந்தேன். அதனால் இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ராஜபாண்டி காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அவன் அப்பா கையில் வாளியோடு, முதுகை வளைத்து, பீமாராவுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் முகம் சிவந்துவிட்டது.

“எங்கப்பா கையில வாளியக் குடுத்தது யாரு?”

“நாந்தான் சார்,” என்றாள் ஷாஹீதா.

“எங்க தாத்தாவும் அப்பத்தாவும் ஆயுசு பூராம் அடுத்தவுக வயல்ல குனிஞ்சே கெடந்தாக. எங்கப்பா கல்லும் மண்ணும் செமந்து என்னையப் படிக்க வச்சாரு. இனியாச்சும் அவரு ஒக்காந்து சாப்பிடட்டும்னுதான் இங்க சேத்தேன். அவரையே வேலக்காரரா ஆக்கிட்டீகளே!”

ஷாஹீதா குரலை உயர்த்தவில்லை. ஒரு அடி பின்வாங்கவும் இல்லை. “வேலைக்காரர்னா நான் சொல்ற எடத்துல அவரு நிக்கணும் சார். இங்க அவரு சொல்ற எடத்துலதான் நாங்க உக்காருறோம். கடைசிப் பந்தி வரைக்கும் இருந்து பாருங்க. அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போகணும்னா நானே பையத் தூக்கியாந்து கார்ல வைக்கிறேன்.”

“பாக்குறதுக்கு என்ன இருக்கு? துணிமணிய எடுத்து வைங்க.”

பந்தியில் சத்தம் வந்தால் யாருக்கோ ஏதோ கிடைக்கவில்லை என்று அர்த்தம். கண்ணுச்சாமி வாளியோடு வேகமாக வந்தார்.

“யாருப்பா நின்னுக்கிட்டே பேசுறது? எடம் கெடைக்கலையா? வாங்க வாங்க, நான் இருக்கேன்ல.” மகனின் கையைப் பிடித்தார்.

“அப்பா, நான் ராஜபாண்டி.”

“நல்ல பேரு. எம்மகன் பேரும் அதான். ஒக்காருங்க.”

பிடித்த பிடியை விடாமல் கொண்டுபோய் உட்கார வைத்து, நான் கொண்டுவந்த இலைக்கட்டிலிருந்து ஒன்றை உருவிப் போட்டார். முத்துமீனா சோறு வைத்தாள். ராஜபாண்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இலையைத் தொடவில்லை.

கண்ணுச்சாமி பந்தி பார்த்த காலத்தில் இலையைத் தொடாமல் ஒருத்தர் இருந்ததே இல்லை. வாளியைக் கீழே வைத்தார். மகன் நாற்காலியோரம் மெல்லக் குந்தி உட்கார்ந்து, ரகசியம் சொல்கிற மாதிரி கேட்டார்.

“யாராச்சும் எதுவும் சொல்லிருவாகன்னு பயமா இருக்கா?”

ராஜபாண்டி தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான்.

“நான் சின்னப்பயலா இருந்தப்ப ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். எங்காத்தா அந்த வீட்டுக்கு நெல்லுக் குத்துனவ. நான் எல்லாரோடயும் பந்தியில போயி ஒக்காந்துட்டேன். எல போட்டாச்சு, சோறும் வச்சாச்சு. கை வைக்கிறேன், ஒருத்தரு வந்து, ‘எந்திரிடா, ஒனக்கு இங்க இல்ல’ன்னு தோளப் பிடிச்சுத் தூக்கி விட்டாரு. அன்னைக்கே முடிவு பண்ணுனேன், நான் நிக்கிற பந்தியில ஒருத்தரையும் எவனும் எழுப்பக் கூடாதுன்னு. அதுக்குத்தான் நிக்கிறேன். நீங்க தைரியமாச் சாப்பிடுங்க.”

இந்த இடத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை. மருதுவும் சங்கிலியும் ‘நெசமா?’ என்று கேட்கவும் இல்லை.

ராஜபாண்டி இத்தனை வருசத்தில் அப்பா வாயிலிருந்து இதைக் கேட்டதில்லை. அவர் ஏன் கல்யாணம் கல்யாணமாகப் போய் நின்றார் என்று கேட்கவும் அவனுக்குத் தோன்றியதில்லை. பெரியவர் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு, அவன் சாப்பிடுவதற்காகக் காத்து நின்றார். அவன் கையை அவிழ்த்தான். சோற்றைப் பிசைந்தான். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பெரியவர் நாலு தடவை மோர் ஊற்றினார். நாலு தடவையும் குடித்தான்.

மேசைக்காரர்கள் எழுந்தார்கள். தரையில் இலை போட்டார்கள். ஷாஹீதா உட்கார்ந்தாள், முத்துமீனா உட்கார்ந்தாள், என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார் கண்ணுச்சாமி. வெளியே யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, தானும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நாள் முழுக்கச் சுவர் கட்டிவிட்டு வந்தவன் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்.

ராஜபாண்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த இத்தனூண்டு இடத்தில் உட்கார்ந்தான்.

கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். “இவரு மொதப் பந்தியிலயே சாப்ட்டாரே?”

“நம்ம வீட்டாளுய்யா இவரு,” என்றாள் ஷாஹீதா.

“அப்பிடியா? சொல்லக் கூடாதா தாயி? வீட்டாளப் போயி விருந்தாளியோட ஒக்கார வச்சுட்டனே!” என்று பதறி, என்னை முழங்கையால் இடித்து நகர்த்தி இடம் கொடுத்தார். “இவருக்கும் ஒரு எல போடு முத்துமீனா. கொஞ்சமா வையி, ஏற்கனவே தின்னுருக்காரு.”

சாப்பிட்டு முடிந்து வாசலுக்கு வந்ததும் ராஜபாண்டி ஷாஹீதாவிடம் கேட்டான். “எங்கப்பாவுக்கு என்னைய மறுபடி அடையாளம் தெரியுமா மேடம்?”

“அதுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் சார். ஆனா நீங்க எப்ப வந்தாலும் உங்களச் சாப்பிடாம விட மாட்டாரு. அதுக்குக் குடுக்குறேன்.”

அவன் காரில் தனியாகத்தான் போனான். டாக்டருக்குப் போன் போட்டு, குழாய் வேண்டாம், எங்கப்பா சாப்பிடுகிறார் என்று சொன்னான். இப்போதும் ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் நேராகக் கடைசிப் பந்தியில்தான் உட்காருகிறான். கண்ணுச்சாமிக்கு உடம்பு தேறிவிட்டது. அவர் நடந்தால் விளாங்குடியில் ஜன்னல் கண்ணாடி அதிருகிறது.

இதோடு கதை முடிந்தது. நான் டீயைக் கேட்கத் திரும்பினேன்.

“எல்லாஞ் சரிண்ணே,” என்றான் மருது. “ஆனா பெரியவரு வருத்தப்பட்டது ஞாயந்தான். ராஜபாண்டிய மொத தடவையே கடைசிப் பந்தியில ஒக்கார வச்சிருக்கணும். வீட்டாளு வீட்டாளு மாதிரி நிக்கணும்.”

சங்கிலி டீ கிளாஸைப் பெஞ்சில் டக்கென்று வைத்தான். “ஏன் நிக்கணும்? ஓசூர்ல இருந்து வாரவன் பசியோட வருவான். மொதப் பந்திதான் மரியாத.”

“சொந்தத்துல என்னடா மரியாத மாப்ள?”

“அப்பிடி வா மச்சான்! அதான் ஒம்மக காதுகுத்துல என்னையக் கடைசி வரைக்கும் நிக்க வச்சியா? வீட்டு மாப்பிள்ள நானு, மொத எல எனக்குல்ல போட்டிருக்கணும்?”

“ஏலே, வீட்டாளுன்னு நெனச்சுத்தானடா நிக்கச் சொன்னேன்! வெளியாளுன்னா மொதல்லயே போட்டு அனுப்பிருப்பேன்ல?”

“நெனச்சே, நெனச்சே! நான் ஒக்காரும்போது கறி தீந்துபோச்சு, எனக்கு வெறுங்குழம்பு! ஒந்தங்கச்சியக் கேளு, அவ எலையில எலும்பாச்சும் இருந்துச்சான்னு!”

“எந்தங்கச்சிக்கு எடுத்து வச்ச கறியவும் நீதானடா தின்ன!”

“யாருடா சொன்னது?”

“ஒம்பொண்டாட்டிதான்!”

டீ போடுகிற மொக்கையன் பாய்லர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “கறி தீந்தது நெசந்தாம்ப்பா, எனக்கும் வெறுங்குழம்புதான்” என்று சொல்லிவைத்தான். அவ்வளவுதான். மருது பெஞ்சிலிருந்து குதித்து, “ஒன்னைய யாருடா காதுகுத்துக்குக் கூப்பிட்டா?” என்று அவன் பக்கம் திரும்பினான், சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டினான்.